நூல்பாவைக்கு ஓர் இறுதி ஊர்வலம்: கூனோவின் குட்டி பியானோ இசை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது ஹிட்ச்காக் இசைதானே? இதற்கும் ஓப்பராவுக்கும் என்ன சம்பந்தம்?

அதேதான். திரையில் ஒரு சில கோடுகளில் வரைந்த குண்டு மனிதரின் பக்கவாட்டு முகம், பின்னால் திருட்டுப் பூனை போல அடியெடுத்து வைக்கும் ஒரு மெட்டு, அப்புறம் ஒரு நிழலுருவம் நடந்து வந்து அந்தக் கோட்டோவியத்துக்குள் கச்சிதமாகப் பொருந்தி நிற்கும். திகில் பட இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் தொலைக்காட்சித் தொடரைப் பார்க்காதவர்களுக்குக்கூட இந்த மெட்டு எங்கோ கேட்டதாக இருக்கும். ஆனால் அந்தத் தொடர் தொடங்குவதற்கு 80 ஆண்டுகளுக்கு முன்பே, 1872-ல் வெளிவந்த பியானோ இசை இது. எழுதியவர் ஷார்ல் கூனோ என்ற பிரெஞ்சுக்காரர். பெயர் 'ஒரு நூல்பாவையின் இறுதி ஊர்வல இசை'. ஆங்கிலத்தில் 'ஃபியூனரல் மார்ச் ஆஃப் எ மேரியனெட்'. மேரியனெட் என்றால் நூல் கட்டி மேலிருந்து ஆட்டும் பொம்மை, நம் பொம்மலாட்டத்தில் வருவதைப் போல.

கூனோவுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது ஓப்பராதான், அதாவது பாடியே நடிக்கும் இசைநாடகம். அந்தக் கை இந்தச் சின்ன இசையில் எப்படித் தெரிகிறது என்பதற்குக் கொஞ்சம் கீழே வருகிறேன்.

கூனோ யார்?

1818-ல் பாரிஸில் பிறந்தவர். 1839-ல் இளம் கலைஞர்களுக்கான ரோம் பரிசு வென்று ரோமாபுரிக்குப் போனார், அங்கே பழைய தேவாலய இசையில் மூழ்கினார், ஒரு கட்டத்தில் பாதிரியாராகிவிடலாமா என்றுகூட யோசித்தார். ஆகவில்லை. 1859 மார்ச் 19 அன்று பாரிஸில் அவருடைய 'ஃபாஸ்ட்' அரங்கேறியது. கிழட்டு அறிஞர் ஒருவர் இளமைக்காகச் சாத்தானிடம் ஆன்மாவை விற்கும் கதை. அதன் பிறகு பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுக்க அதை மேடையேற்றாத பெரிய ஓப்பரா நகரம் இல்லை என்றே சொல்லலாம். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓப்பரா 1883-ல் கதவு திறந்தபோது முதல் இரவில் மேடையேறியதும் 'ஃபாஸ்ட்'தான். 1867-ல் 'ரோமியோவும் ஜூலியட்டும்'.

டின்டின் படக்கதைகள் படித்தவர்களுக்கு ஒரு குறிப்பு: பாடகி காஸ்டஃபியோரே கண்ணாடிகள் அதிரப் பாடித் தள்ளும் அந்த நகைப் பாட்டு 'ஃபாஸ்ட்'டில் வருவது.

பிரெஞ்சுக்காரர் இதை லண்டனில் ஏன் எழுதினார்?

போர் காரணம். 1870-ல் பிரான்ஸுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. கூனோ குடும்பத்தோடு இங்கிலாந்துக்குப் போய்விட்டார். அங்கே சும்மா இருக்கவில்லை. புதிதாகத் திறந்த ராயல் ஆல்பர்ட் ஹாலின் கோரஸ் சங்கத்துக்கு 1871-ல் முதல் நடத்துநரானார். அந்தச் சமயத்தில்தான் ஜார்ஜினா வெல்டன் என்ற பாடகியின் அறிமுகம் கிடைத்தது.

வெல்டனும் அவர் கணவரும் குடியிருந்தது டாவிஸ்டாக் சதுக்கத்தில் உள்ள டாவிஸ்டாக் ஹவுஸில். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1851 முதல் 1860 வரை, சார்ல்ஸ் டிக்கன்ஸ் வாழ்ந்த வீடு அது. கூனோவின் மனைவி பிள்ளைகளோடு பாரிஸ் திரும்பிவிட்டார். கூனோ மட்டும் வெல்டன் வீட்டிலேயே தங்கிவிட்டார். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, கிட்டத்தட்ட மூன்று ஆண்டுகள். அந்த வீட்டில்தான் 'சூட் பர்லெஸ்க்' என்ற பெயரில் பல துண்டுகள் கொண்ட ஒரு கேலி இசைத்தொகுப்பைத் தொடங்கினார். ஒரே ஒரு துண்டு முடிந்தது, தொகுப்பைக் கைவிட்டார். அந்த ஒரு துண்டுதான் நாம் பேசிக்கொண்டிருப்பது.

இது யாரையோ கேலி செய்து எழுதியது என்கிறார்களே?

ஆமாம், ஹென்றி சோர்லி என்ற விமர்சகரை. 'அதெனியம்' வார இதழில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இசை விமர்சனம் எழுதி, லண்டன் இசை உலகத்தையே மிரட்டி வைத்திருந்த மனிதர். மெல்லிய கீச்சுக் குரல், விறைப்பான உடல் அசைவு. நூல் கட்டி ஆட்டிய பொம்மை போலத்தான் இருந்திருக்கும் போல. அந்தச் சாயலைப் பியானோவில் கொண்டு வந்தார் கூனோ. அதை ரசித்தவர் வெல்டன். இசை அச்சுக்குப் போவதற்குள், 1872 பிப்ரவரியில், சோர்லி இறந்துவிட்டார். செத்துப்போன மனிதரின் பெயரில் கேலியை வெளியிட முடியாது. பாவையின் இறுதி ஊர்வலம் என்ற பெயர் அப்படித்தான் வந்தது என்பது வெல்டன் தரப்புக் கதை.

இதில் உறுத்தும் விஷயம் ஒன்று உண்டு. இங்கிலாந்தில் கூனோவை முதலில் தூக்கிப் பிடித்தவர்களில் ஒருவரே இந்தச் சோர்லிதான். 'ஃபாஸ்ட்' லண்டனில் ஆங்கிலத்தில் மேடையேறியபோது பாடல்களை மொழிபெயர்த்துக் கொடுத்தவரும் அவரே. ஏற்றிவிட்டவருக்கு இப்படி ஒரு நன்றிக்கடன்! நகைச்சுவை என்று மட்டும் இதைக் கடந்துபோக எனக்கு மனம் வருவதில்லை.

இசைக்குள் ஒரு கதை இருக்கிறதாமே?

இருக்கிறது, அதுவும் ஸ்வரக்குறிப்புகளுக்கு மேலேயே அச்சிட்டிருக்கிறது. இந்த இசையைக் காதால் மட்டும் கேட்டவர்களுக்குக் கிடைக்காத சுவை இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தொடக்கத்தில் உரத்த சில அடிகள். பொம்மலாட்டக் குழுவில் ஏதோ சண்டை என்று வழக்கமாகச் சொல்வார்கள். அங்கே ஒரு குறிப்பு: 'பாவை உடைந்துவிட்டது!' ஒன்றுக்கு மூன்று ஆச்சரியக்குறி. பிறகு தயங்கித் தயங்கி வரும் சின்னத் தொடர்கள். 'குழுவினரின் வருத்த முணுமுணுப்பு' என்று குறிப்பு. முணுமுணுப்பு என்ற சொல்லைக் கவனியுங்கள், ஒப்பாரி இல்லை. துக்க வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே 'நேத்துகூட நல்லாத்தானே இருந்தாரு' என்று நாம் சொல்வோமே, அந்தச் சத்தம்.

அப்புறம் 'ஊர்வலம்'. நமக்குத் தெரிந்த அந்த மெட்டு இங்கேதான் வருகிறது. மைனரில், அதாவது சோகம் தொனிக்கும் ஸ்வர வரிசையில், கொஞ்ச தூரம் போன பிறகு திடீரென்று வெயில் அடித்த மாதிரி மேஜருக்கு மாறும். நம் காதுக்குச் சொல்வதென்றால், கீரவாணியின் சாயலில் போய்க்கொண்டிருந்தது சங்கராபரணத்தின் பக்கம் திரும்புகிறது. எதற்கு இந்த மகிழ்ச்சி? அங்கேயும் குறிப்பு இருக்கிறது: 'இங்கே குழுவின் முக்கியஸ்தர்கள் பலர் களைப்பாற நிற்கிறார்கள்.' அதாவது, பிணத்தை நடுவழியில் விட்டுவிட்டு ஒரு வாய் குடிக்கப் போய்விட்டார்கள்! முக்கியஸ்தர்கள் என்று குறிப்பாகச் சொன்னதுதான் இதில் உச்சம். எடுபிடிகள் வெளியே நிற்கிறார்கள் போலும். கடைசியில் 'வீடு திரும்புதல்'. பழைய மைனர் மெட்டு மறுபடி வருகிறது, எல்லோரும் நினைவு வந்து முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு நடக்கிறார்கள்.

நாலைந்து நிமிடத்துக்குள் சாவு, அனுதாபம், ஊர்வலம், குடி, திரும்பல் என ஒரு முழுக் காட்சி. பாத்திரங்கள் உள்ளே வருவதையும் வெளியே போவதையும் மனநிலை மாறுவதையும் வார்த்தையில்லாமல் காட்டத் தெரிந்த மேடைக்காரரின் வேலை இது. ஓப்பராவின் கை என்று மேலே சொன்னது இதைத்தான்.

இறுதி ஊர்வல இசை என்றால் சோபான் எழுதியதுதானே?

அது வேறு. போலந்தில் பிறந்த இசையமைப்பாளர் சோபானின் மார்ச் அவருடைய இரண்டாவது பியானோ சொனாட்டாவில் வருவது, நிஜமான சாவுக்கானது, உலகமெங்கும் அரசு இறுதிச் சடங்குகளில் வாசிப்பது. கூனோவுடையது அந்த மாதிரி இசையைப் பார்த்துச் சிரிப்பது.

மைனரில் இருக்கிறது, சாவைப் பற்றியது, ஆனாலும் சிரிப்பு ஏன் வருகிறது?

தாளம்தான் முதல் காரணம். வழக்கமான இறுதி ஊர்வல இசை நான்கு எண்ணிக்கையில் கனமாக நடக்கும். பெட்டியைத் தோளில் சுமப்பவர்களின் நடை அது. கூனோ 6/8 தாளத்தை எடுத்துக்கொண்டார். ஒரு சுற்றுக்கு இரண்டு அடி, ஒவ்வொரு அடிக்குள்ளும் மூன்று: தகிட தகிட. நடனத்துக்கும் கிராமத்துக் கும்மாளத்துக்கும் ஏற்ற தாளம். அதன் மேல் சோகமான மைனரைப் போர்த்தியிருக்கிறார். காலும் முகமும் வேறு வேறு சேதி சொல்கின்றன.

இரண்டாவது, ஸ்வரங்களை இழுக்காமல் துண்டு துண்டாகத் தொடும் ஸ்டக்காட்டோ. நூல்பாவை நடப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? அதற்குக் காலில் எடை கிடையாது. முட்டி முதலில் தூக்கும், பாதம் பின்னால் தொங்கிக்கொண்டு வரும், தரையைத் தொட்டும் தொடாமலும் அடுத்த அடி. அந்த எடையின்மை இந்த மெட்டில் அப்படியே இருக்கிறது.

மூன்றாவது காரணம் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. இசை தன்னளவில் ஒருபோதும் கண்ணடிப்பதில்லை. பாவைகளுக்கு இது உண்மையான சாவு. அவை முறைப்படி துக்கம் அனுசரிக்கின்றன, தாகமெடுத்தால் குடிக்கின்றன. சிரிப்பது பார்க்கிற நாம்தான்.

பியானோ வடிவமா, ஆர்கெஸ்ட்ரா வடிவமா, எது அசல்?

பியானோ. 1872-ல் லண்டனின் காடர்ட் நிறுவனம் பதிப்பித்தது. மதாம் விகியே என்ற பியானோ கலைஞருக்குக் காணிக்கை. 1879-ல் கூனோவே ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதினார். இன்று பெரும்பாலோர் கேட்பது அதைத்தான். பஸ்ஸூன் என்ற ஊதுவாத்தியத்தின் மூக்கடைத்த குரல் வந்ததும் நகைச்சுவை இன்னும் கெட்டியாகிவிடுகிறது, மறுப்பதற்கில்லை. ஆனாலும் என் ஓட்டு பியானோவுக்கு. ஆர்கெஸ்ட்ராவில் ஒவ்வொரு வாத்தியமும் ஒரு பாத்திரமாகிவிடுகிறது, ஒரு கூட்டமே நடித்துக் காட்டுகிறது. பியானோவில் எல்லாப் பாவைகளின் நூலும் ஒருவர் கையில். மேலே இருந்து பத்து விரல் ஆட்டுகிறது, கீழே பொம்மைகள் நடக்கின்றன.

ஹிட்ச்காக்கிடம் இது எப்படிப் போய்ச் சேர்ந்தது?

மௌனப்பட காலத்திலேயே இது திரையரங்கு இசைக்குழுக்களுக்குப் பழக்கமான துண்டு. ஜெர்மன் இயக்குநர் முர்னாவ் ஹாலிவுட்டில் எடுத்த 'சன்ரைஸ்' 1927-ல் வந்தது. வசனமில்லாத படம், ஆனால் பதிவு செய்த இசையோடு வெளியானது. அந்த இசையில் கூனோவின் ஊர்வலமும் உண்டு. ஹிட்ச்காக் தன் இளமைக் காலத்தில் ஜெர்மனியில் வேலை செய்தபோது முர்னாவ் படமெடுப்பதை நேரில் பார்த்தவர், கடைசிவரை அவரை மதித்தவர்.

'ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் பிரசன்ட்ஸ்' 1955 அக்டோபர் 2 அன்று அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் தொடங்கியது. 1962-ல் ஒரு மணி நேரத் தொடராகி 1965 வரை ஓடியது. முகப்பு இசைக்கு இந்த ஊர்வலத்தைப் பரிந்துரைத்தவர் அவருடைய படங்களின் இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் என்பார்கள். ஹிட்ச்காக்குக்கு இது வெறும் முகப்பு இசை இல்லை. ஆளில்லாத் தீவுக்கு எந்த எட்டு இசைத்தட்டுகளை எடுத்துப் போவீர்கள் என்று பிரபலங்களைக் கேட்கும் ஒரு பிபிசி வானொலி நிகழ்ச்சி உண்டு. 1959-ல் அதில் கலந்துகொண்ட ஹிட்ச்காக் தேர்ந்தெடுத்த எட்டில் இதுவும் ஒன்று.

பொருத்தம் என்னவென்று சொல்லத் தேவையில்லை. கொலைக் கதைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு, முகத்தில் சலனமே இல்லாமல் 'குட் ஈவ்னிங்' என்று சொன்ன மனிதர் அவர். நகைச்சுவையை அவர் இந்த இசையில் ஏற்றவில்லை, ஏற்கனவே இருந்ததை அடையாளம் கண்டுகொண்டார், அவ்வளவுதான்.

பியானோ கற்றுக்கொள்பவர்கள் இதை வாசிக்க முடியுமா?

முடியும். ஆரம்ப நிலை தாண்டிய, இரண்டு மூன்று ஆண்டுகள் ஒழுங்காகப் பயிற்சி செய்தவர்களுக்குக் கை எட்டும். எளிமைப்படுத்திய பதிப்புகள் நிறைய இருக்கின்றன. பெரும்பாலும் ஊர்வல மெட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, முன்னால் வரும் விபத்தையும் நடுவில் வரும் குடியையும் வெட்டிவிடுவார்கள். குழந்தைகளுக்குச் சரி. மற்றவர்கள் அசலையே எடுங்கள், இல்லாவிட்டால் கதை போய்விடும்.

வாசிக்கும்போது செய்யும் தப்புகளைச் சொல்கிறேன், எல்லாம் நானே செய்தவை. மெட்டு தெரிந்ததுதானே என்று வேகம் எடுத்துவிடுவோம். கூனோ போட்டது அலெக்ரெட்டோ, அதாவது மிதமான துள்ளல். ஓடினால் ஊர்வலம் பேருந்தைப் பிடிக்கப் போவது போல் ஆகிவிடும். தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை ஆறு எண்ணிக்கைக்கு வைக்காமல் இரண்டு அடிக்கு வையுங்கள். ஒலியை நீட்டும் சஸ்டெய்ன் பெடலில் கால் தானாகப் போகும். ஊர்வலப் பகுதியில் காலைத் தரையில் வைத்துக்கொள்வது நல்லது, ஸ்வரங்கள் ஒன்றோடொன்று கலந்து ஈரமானால் பாவையின் மரக்கால் மரக்காலாக இருக்காது. இடது கை வலது கையை விடச் சத்தமாகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது முகம். தாமதமாகப் பியானோ கற்றுக்கொண்டவன் நான். ஒரு சிறிய மாணவர் கூட்டத்தில் இதை வாசித்தபோது சிரிப்பை வரவழைக்க வேண்டுமென்று அங்கங்கே நிறுத்தி, புருவத்தைத் தூக்கி, திருப்பங்களில் இழுத்து என்னென்னவோ செய்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்குப் பின் வந்த பன்னிரண்டு வயதுப் பையன் அதே இசையைப் பரீட்சை எழுதுவது போல இறுகிய முகத்தோடு, தாளம் தப்பாமல் வாசித்தான். மேஜருக்கு மாறிய இடத்தில் பின்வரிசையில் ஒரு பாட்டி களுக்கென்று சிரித்தார், அப்புறம் கூடமே சிரித்தது. பையன் ஏன் சிரிக்கிறார்கள் என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கூனோவுக்கும் வெல்டனுக்கும் பிறகு என்ன ஆயிற்று?

நன்றாக முடியவில்லை. 1874-ல் கூனோ உடம்புக்கு முடியாத நிலையில் பாரிஸ் திரும்பினார். அவருடைய கைப்பிரதிகளை வெல்டன் திருப்பித் தர மறுத்தார். அதில் 'பொலியூக்ட்' என்ற ஓப்பராவும் இருந்தது. கூனோ அதை நினைவிலிருந்தே மறுபடி எழுதத் தொடங்கினார். ஒருவழியாக மூலப்பிரதி வந்து சேர்ந்தபோது அதன் பக்கங்களில் வெல்டன் தன் பெயரைக் கிறுக்கி வைத்திருந்தார். இவ்வளவுக்குப் பிறகு 1878-ல் மேடையேறிய அந்த ஓப்பரா ஓடவில்லை.

வெல்டனைச் சும்மா வில்லியாக்கிவிடக் கூடாது. அவரைப் பைத்தியம் என்று முத்திரை குத்தி விடுதியில் அடைக்க 1878-ல் அவர் கணவரே முயன்றார்; வெல்டன் தப்பித்து, பிறகு நீதிமன்றங்களில் தானே வாதாடிப் பெயர் பெற்றார். கூனோ மீதும் அவதூறு வழக்குப் போட்டு 1885-ல் 10,000 பவுண்டு இழப்பீட்டுக்குத் தீர்ப்பு வாங்கினார். கூனோ பணம் கட்டவில்லை, இங்கிலாந்துப் பக்கம் தலை காட்டவும் முடியவில்லை. 1893-ல் பாரிஸுக்கு அருகில் உள்ள சான் க்ளூவில் இறந்தார்.

இதே மாதிரி ஓப்பராக்காரர்கள் எழுதிய சின்ன பியானோ இசை வேறு இருக்கிறதா?

முதலில் ரோசினி. 1829-ல் 'வில்லியம் டெல்'லோடு ஓப்பராவுக்கு முழுக்குப் போட்டவர், முதுமையில் பாரிஸில் உட்கார்ந்து 'முதுமையின் பாவங்கள்' என்று சுமார் 150 துண்டுகள் எழுதினார். முள்ளங்கி, நெத்திலி, வெள்ளரி ஊறுகாய், வெண்ணெய் என்று நான்கு தொடுகறிகளுக்கு நான்கு இசை அதில் உண்டு. இன்னொன்று ஒரு ரயில் உல்லாசப் பயணம்: மணி அடிக்கிறது, ரயில் கிளம்புகிறது, தடம் புரள்கிறது, பயணிகள் சாகிறார்கள், கடைசியில் வாரிசுகளின் 'கடுந்துயரம்' ஒரு குஷியான நடன இசையாக வருகிறது. கூனோவின் பாவைகளுக்குச் சொந்தக்காரர்கள் இவர்கள். வெர்டி 1844-ல் 'சொல்லில்லாப் பாட்டு' ஒன்று எழுதியிருக்கிறார். அழகு, ஆனால் அடக்கமானது.

கூனோவின் மற்ற சிறிய படைப்புகளில் பாஹின் முன்னிசை ஒன்றின் மேல் அப்படியே ஒரு மெட்டைப் படரவிட்ட 'ஆவே மரியா'வைக் கேட்காதவர் குறைவு. வத்திகானின் தேசிய கீதமாக 1949-ல் ஏற்றுக்கொண்ட இசையும் அவர் 1869-ல் எழுதிய ஒரு மார்ச்தான்.

ஸ்வரக்குறிப்பு எங்கே கிடைக்கும்? காப்புரிமை உண்டா?

கூனோ இறந்து 130 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டதால் அசல் இசைக்குக் காப்புரிமை இல்லை. ஐஎம்எஸ்எல்பி (IMSLP) என்ற ஸ்வரக்குறிப்பு இணையதளத்தில் பழைய பதிப்புகளை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். 'மார்ஷ் ஃபுனேப்ர்' என்று தொடங்கும் பிரெஞ்சுப் பெயரிலும் தேடிப் பாருங்கள். புதிதாகச் செய்த எளிய பதிப்புகளுக்கும் ஒலிப்பதிவுகளுக்கும் தனி உரிமை இருக்கும், காணொளியில் பின்னணியாகப் போடுகிறவர்கள் அதைக் கவனிக்க வேண்டும். எந்தப் பதிப்பை எடுத்தாலும் ஒன்றைச் சரிபாருங்கள்: குழுவினர் குடிக்க நிற்கும் அந்தக் குறிப்பு அச்சாகியிருக்கிறதா என்று. சில மறுபதிப்புகளில் அதை விட்டுவிட்டார்கள். அப்படியிருந்தால் பென்சிலால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.